‘செய்யலாம்’ வேறு, ‘செய்ய வேண்டும்’ வேறு

அப்பாவுக்குச் சிங்கையில் கிடங்கு வேலை. ஜொகூர் பாருவில் பல வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடக்கும். விடியற்காலை நாலரைக்கு மோட்டார்சைக்கிள் கிளம்பும். கடற்பாலத்து நெரிசலைத் தாண்டி, இருட்டிய பிறகுதான் திரும்பி வரும். சென்ற ஆண்டு ஒருநாள் அவர் பின்னால் அமர்ந்து போனபோது ஒன்றைக் கவனித்தேன். பக்கத்துப் பாதையைப் பார்க்க அப்பா கழுத்தைத் திருப்பவில்லை. தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பினார்.

கேட்டால், “கொஞ்சம் பிடிச்சிருக்குமா” என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ எட்டு மாதமாக இருந்திருக்கிறது. கழுத்தில் தொடங்கிய வலி வலது கை வழியாக இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும் நிலைக்கு வந்திருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கழுத்தில் உள்ள ஏழு முள்ளெலும்புகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறது என்று அறிக்கை சொன்னது.

நிபுணரைப் பார்க்கப் போனபோது மொழிபெயர்க்க நானும் உள்ளே போனேன். மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும்போது ‘போலே’ என்றுதான் சொன்னார். செய்யலாம். வெளியே வந்து நான் அப்பாவிடம் சொன்னதோ, “ஆப்பரேஷன் செய்யணுமாம்ப்பா.”

அந்த ஒரு ‘ணும்’ எங்கள் வீட்டை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

“கழுத்துல கத்தி வச்சா கை கால் விளங்காமப் போயிடும்” என்றார் பெரியப்பா. அத்தை, எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அப்பா எதுவும் பேசாமல், எத்தனை வாரம் சம்பளம் இல்லாமல் இருக்க முடியும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மருத்துவர் சொன்ன சொல்லை நான் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அடுத்த சந்திப்புக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வியே அதுதான்: “டாக்டர், இது செய்யலாமா, செய்தே ஆக வேண்டுமா?”

எது முடிவு செய்கிறது?

வலி எவ்வளவு கடுமை என்பதோ, எம்.ஆர்.ஐ. படம் எவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்பதோ மட்டும் இதை முடிவு செய்வதில்லை என்று மருத்துவர் விளக்கினார். தண்டுவடமே நசுங்குகிறதா, கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் முக்கியம். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை தண்டுவடம் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள். அப்போது தள்ளிப்போட்டால் இழந்தது திரும்பாமலே போகலாம். அங்கே ‘செய்ய வேண்டும்’ என்பதே சரியான சொல்.

நரம்பு வேர் மட்டும் அழுத்தப்பட்டு, பலம் குறையாமல் இருந்தால் கதை வேறு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே வலி தணிந்துவிடும். அப்பா இந்த இரண்டாம் வகை.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 1997-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், நரம்பு வேர் அழுத்தத்தால் மூன்று மாதத்துக்கு மேல் கை வலியால் அவதிப்பட்ட 81 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை, ஒன்றுக்கு இயன்முறை சிகிச்சை, மற்றொன்றுக்குக் கழுத்துப் பட்டை. சுமார் நான்கு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். மேலும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அதாவது, இத்தகையவர்களுக்கு அறுவை சிகிச்சை விரைவான நிவாரணம் தரலாம். ஆனால் அது ஒன்றுதான் வழி என்றில்லை.

படத்தைப் பார்த்துப் பயந்ததற்கும் பதில் கிடைத்தது. 2015-இல் வெளியான ஜப்பான் ஆய்வு ஒன்றில், கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 87.6 விழுக்காட்டினருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நான்கில் மூவருக்கு அப்படி இருந்ததாம்! படத்தில் தெரிவதெல்லாம் நோய் அல்ல. படமும் உடம்பில் தெரியும் அறிகுறியும் பொருந்த வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால் என்ன என்பதையும் கேட்டோம். பொதுவாகக் கழுத்தின் முன்பக்கம் சிறிதாகக் கீறி, கெட்டுப்போன வட்டை எடுத்துவிட்டு, இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். 1950-களிலிருந்து நடைமுறையில் உள்ள முறை இது. பெரியப்பா பயந்த முடக்கம் மிக அரிது. விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு இணைவது தாமதமாகும்.

சும்மா இருப்பது அல்ல

அப்பா இயன்முறை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம் முயல்வது, பலம் குறைந்தால் உடனே திரும்பி வருவது என்று மருத்துவரோடு பேசி முடிவானது. அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். ஆனால் இந்தச் சிகிச்சைக்கு உண்மையான விலை தினசரி உழைப்பு. முகவாயை மெல்லப் பின்னால் இழுத்துப் பத்து எண்ண வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்க வேண்டும். நெற்றியில் கை வைத்து, தலையை அசைக்காமல் எதிர்த்து அழுத்த வேண்டும். முதல் மூன்று வாரம் பலன் ஒன்றும் தெரியவில்லை. “இதுக்கு ஆப்பரேஷனே தேவலாம்” என்று அப்பா சலித்துக்கொண்ட நாள்களும் உண்டு.

மோட்டார்சைக்கிளை விட்டுப் பேருந்துக்கு மாறினார். தலைக்கவசத்தின் பாரம் கழுத்திலிருந்து இறங்கியது. தூக்கத்தில் அரை மணி நேரம் குறைந்தது. முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துச் சட்டென்று சொடக்கு எடுப்பதையும் நிறுத்தினார். அப்படித் திருகும்போது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும் நடந்திருக்கிறது. இது நமக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் மலாயையும் ஆங்கிலத்தையும் தமிழாக்குவது நாம்தான். கல்வி நமக்குத் தந்த பொறுப்பு அது. மருத்துவர் முன் உட்காரும்போது நான்கு கேள்விகளை மறக்காதீர்கள். செய்யலாமா, செய்தே ஆக வேண்டுமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை நாள் பொறுக்கலாம்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? பதில் புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. கை வலி பெருமளவு குறைந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. அறுவை சிகிச்சை இனி தேவையே வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மருத்துவர் சொல்லித் தந்தபடி ஞாயிறு மாலைகளில் அப்பா கையை நீட்டி, பத்து வினாடிக்குள் எத்தனை முறை விரல்களை மூடித் திறக்க முடிகிறது என்று பார்ப்பார். இருபதுக்குக் குறைந்தால் உடனே போக வேண்டும். நான்தான் எண்ணுவேன்.

போன ஞாயிறு இருபத்து நான்கு.