கோலா பிலா தோட்டக் கழிவில் எவ்வளவு மின்சாரம்?

கோலா பிலா, பகாவ் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குக் குறைவில்லை. அந்தக் குலையில் எண்ணெயாவது ஐந்தில் ஒரு பங்குதான். மீதியையெல்லாம் மின்சாரமாக்கினால் என்ன என்ற கேள்வி புதிதல்ல. அப்போது ஆண்டுக்கு 8 கோடி டன்னாக இருந்த செம்பனைத் துறையின் உலர் உயிர்க்கழிவு 2020க்குள் 10 கோடி டன்னாகும் என்று 2011இல் வெளியான மலேசியத் தேசிய உயிர்ப்பொருள் வியூகம் கணித்தது. நாட்டுக்கு இது கவர்ச்சியான எண். ஒரு வட்டாரத்துக்குக் கணக்கிடும்போது கழித்தல்தான் அதிகம்.

100 டன் குலை ஆலைக்குள் போனால், சுமார் 22 டன் வெறுங்குலை, 13 டன் நார், 6 டன் கொட்டை ஓடு வெளியே வரும். நாரும் ஓடும் ஏற்கெனவே ஆலைக் கொதிகலனுக்குப் போகின்றன. மிஞ்சும் ஓட்டை ஜப்பான் மின்நிலையங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. ஆகக் கையில் நிற்பது வெறுங்குலை. அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 22 டன்னை முழுக்க உலர்த்தினால் 8 டன் தேறுவதே பெரிது. அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் உருகிக் கொதிகலன் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். அதே பொட்டாசியம் மரத்தடியில் போட்டால் உரம். அதை எரித்துவிட்டால் தோட்டம் உரமூட்டை வாங்க வேண்டும்.

வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி மக்கவிடுகிறார்கள். மேடும் பள்ளமுமான இந்த மண்ணை மழை அரிக்காமல் காப்பது அதுதான். என்னைக் கேட்டால், மட்டையைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. பால்மரமும் அப்படித்தான்: மறுநடவுக்குச் சாய்க்கும்போது நல்ல கட்டை தளவாட ஆலைக்குப் போய்விடும், எரிக்கக் கிடைப்பது கிளையும் மரத்தூளும்.

வட்டாரம் என்பதையும் மாவட்ட எல்லையை வைத்து வரையக்கூடாது. 1980இல் ஜெம்போல் தனி மாவட்டமானபோது பகாவ் அந்தப் பக்கம் போனது. குலை லாரிக்கு அந்த எல்லை தெரியாது. ஆலையைச் சுற்றி, லாரி வாடகை கட்டுபடியாகும் தூரமே வட்டாரம்.

வாடகையே இல்லாத கழிவு ஒன்று உண்டு: ஆலைக் கழிவுநீர். 100 டன் குலைக்கு 60 டன்னுக்கு மேல் வரும். திறந்த குளத்தில் விட்டால் அதன் மீத்தேன் வானத்துக்குப் போகும். குளத்தை மூடிப் பிடித்தால் டன்னுக்குச் சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு. கோலா பிலாவுக்கு மதிப்பீடு செய்பவர்கள் முதலில் இந்தக் குளங்களை அளக்கட்டும். இனி யாராவது இத்தனை லட்சம் டன் என்று அறிவித்தால், ஈரத்தோடா உலர்த்தியா என்று கேளுங்கள்.