க்ளவுட் கம்ப்யூட்டிங்: எது ட்ரான்ஸ்பரன்ட்?

க்ளவுட் கம்ப்யூட்டிங் சேவை தரும் நிறுவனங்களின் விளம்பரங்களில் "ட்ரான்ஸ்பரன்ட்" என்ற சொல் அடிக்கடி தென்படும். இதனைத் தமிழில் வெளிப்படைத்தன்மை என எழுதிவிடுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் துறையில் இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய நேர் எதிரான இன்னொரு பொருளும் உண்டு. உங்கள் கடை அல்லது கம்பெனியின் கணக்குகளை க்ளவுடுக்கு மாற்றும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

பல சர்வர்களை இணைத்து ஒரே கம்ப்யூட்டர் போல இயக்கும் முறையில் "லொகேஷன் ட்ரான்ஸ்பரன்சி" என்று ஒன்று உண்டு. பைல் எந்த சர்வரில் இருக்கிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். ஒரு சர்வர் பழுதானால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. அதாவது, இங்கே ட்ரான்ஸ்பரன்ட் என்றால் கண்ணுக்குப் புலப்படாதது. நன்றாகத் துடைத்த கண்ணாடி, கண்ணாடி இருப்பதையே மறக்கச் செய்வதைப் போல. க்ளவுடின் வசதி முழுவதும் இந்த மறைப்பில்தான் இருக்கிறது. பணம் கொடுப்பவருக்கு வேண்டியதோ மற்றது: உள்ளே நடப்பதைப் பார்க்க முடிவது.

எங்கள் காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தொழில் அதிகம். கொட்டையை உடைக்க வெளியே கொடுப்பவர்கள், எத்தனை மூட்டை யார் வீட்டுக்குப் போனது என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் க்ளவுட் அக்கவுண்டிங் சாப்ட்வேர் ஒன்றின் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டி, "அண்ணே, நம்ம கணக்கு எந்த ஊர்ல இருக்கும்னு இதுல எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். "உலகத் தரம் வாய்ந்த டேட்டா சென்டர்களில்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவர் கேட்டது வெறும் ஆர்வத்தில் எழுந்த கேள்வி அல்ல. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது சட்டமே. 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, கணக்குப் புத்தகங்களின் பேக்அப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். சேவை தரும் நிறுவனத்தின் பெயர், இடம், ஐ.பி. முகவரி, க்ளவுடில் வைத்திருந்தால் அந்த முகவரி ஆகியவற்றை ஆண்டுதோறும் கம்பெனிகள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நமக்கே தெரியாததை எப்படித் தெரிவிப்பது?

இடம் தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் சுமார் 4 மணி நேரம் தடுமாறியது. ஏராளமான இணைய தளங்கள் முடங்கின. ஊழியர் ஒருவர் கொடுத்த கட்டளையில் ஒரு பிழை. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டுவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் பக்கமும் அதே எஸ்3ஐ நம்பியிருந்தது. எனவே அதை மாற்ற முடியாமல், எல்லாம் நலம் என்று பச்சை அடையாளங்கள் காட்டிக்கொண்டிருந்தன! ட்விட்டர் வழியாகத்தான் அமேசான் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சில நாட்களிலேயே, நடந்தது என்ன, எந்தக் கட்டளை, என்ன மாற்றம் செய்கிறோம் என்று விரிவான அறிக்கையை வெளியிட்டது. பச்சை விளக்கைவிட இத்தகைய அறிக்கையைத்தான் நான் நம்புவேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தின் பழைய அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். ஒரு தடங்கல்கூட இல்லை என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, உங்கள் நிறுவனத்திற்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பது. 2018 செப்டம்பர் 24 அன்று நம் ஊர் ஜோஹோவின் இணைய தளமும் மெயிலும் பலருக்குக் கிடைக்காமல் போயின. ஜோஹோவின் சர்வர்களில் பழுதில்லை. அதன் டொமைன் பெயரைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம், சில ஜோஹோ மெயில் கணக்குகளிலிருந்து மோசடி மெயில்கள் வருவதாக வந்த புகார்களைக் காட்டி, பெயரையே முடக்கிவிட்டது. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க நேர்ந்தது. இத்தனை பெரிய நிறுவனத்தின் சேவையும் வாடிக்கையாளர் கேள்விப்பட்டிராத ஒருவரின் கையில் இருந்தது.

இதைவிட யோசிக்க வைப்பது 2025 ஜூலையில் நடந்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. மைக்ரோசாப்ட் அதன் மெயில் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. முன்னறிவிப்பு இல்லை, பணம் கட்டிய லைசென்ஸ், எங்கள் டேட்டாவையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் சேவை திரும்பியது. எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் அவகாசம் கொடுத்து சேவையை நிறுத்தலாம் என்ற பகுதியை ஒப்பந்தத்தில் யாரும் படிப்பதில்லை. அதை முதலில் படியுங்கள்.

திருட்டு நடந்தால் யாருக்குச் சொல்வார்கள் என்பதும் முக்கியம். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். இது அரசுக்குப் போகும் தகவல். உங்களுக்கு வரும் தகவல் அல்ல. உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விவரங்களுக்கு அவற்றைத் திரட்டிய உங்களையே பொறுப்பாக்குகிறது. க்ளவுட் நிறுவனத்தைக் கை காட்டித் தப்ப முடியாது.

ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழைக் காட்டினால், அது எந்த அலுவலகத்தை, எந்தச் சேவையை உள்ளடக்கியது என்று பாருங்கள். டேட்டா சென்டருக்கு வாங்கிய சான்றிதழை சாப்ட்வேருக்கும் சேர்த்துச் சொல்வது விற்பனையாளர் வழக்கம். அவர்களது ஊழியர் உங்கள் டேட்டாவைத் திறந்தால் அது பதிவாகுமா, அந்தப் பதிவை நீங்கள் பார்க்கலாமா, அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். பதில்களை போனில் வாங்காமல் இ-மெயிலில் வாங்குங்கள்.

இலவச சோதனைக் காலத்திலேயே பத்துப் பதினைந்து பில்கள் போட்டு, அனைத்தையும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிடுங்கள். என் நண்பருக்குச் செய்து பார்த்தபோது தொகைகள் அனைத்தும் எக்ஸெல் பைலில் வந்தன. யார், எப்போது பில்லைத் திருத்தினார் என்ற பதிவு மட்டும் வரவில்லை. அதற்கான பதிலுக்காகக் காத்திருக்கிறார். அதுவரை கணக்கு பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது.