காவல்துறையின் பெயரால் வரும் அழைப்பு: நன்கொடைப் பணம் எங்கே போகிறது?

வட அமெரிக்காவில் வாழ்பவர்களில் பலருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கக்கூடிய தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. உள்ளூர்க் காவலர்கள் சங்கத்துக்காகவோ தீயணைப்புப் படையினருக்காகவோ பேசுவதாகக் கூறும் ஒரு குரல், பணியின்போது உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவுமாறு கேட்கும். முதலில் ஒரு பெரிய தொகையைச் சொல்லும். கேட்பவர் தயங்கினால் தொகை படிப்படியாகக் குறையும். கார் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் அனுப்பி வைப்பதாகவும் சிலர் கூறுவார்கள்.

பள்ளிக்கூடமோ புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்போ நன்கொடை கேட்டால், வேண்டாம் என்று மறுப்பது எளிது. ஆனால், ஆபத்து நேரத்தில் யாரை அழைக்க வேண்டுமோ அவர்களே பணம் கேட்பதாகத் தோன்றும்போது மறுப்பது எளிதல்ல. இன்று இல்லை என்று சொன்னால் நாளை வீடு தீப்பற்றும்போது என்ன ஆகும் என்ற எண்ணம், அழைத்தவர் வாய் திறந்து சொல்லாமலேயே மனதில் எழுகிறது. குறிப்பாக, காவல்துறை என்றாலே அஞ்சிப் பழகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களிடமும், தனித்து வாழும் முதியவர்களிடமும் இந்தத் தயக்கம் கூடுதலாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அழைப்பவர் யார்?

இத்தகைய அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் பேசுபவர் காவலரோ தீயணைப்பு வீரரோ அல்லர். கூலிக்கு நன்கொடை திரட்டித் தரும் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊழியர் அவர். அவர் பேசும் இடமும் அந்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. சில வேளைகளில் மறுமுனையில் மனிதர் பேசுவதே இல்லை. முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட குரல் துண்டுகளை, கேட்பவரின் பதிலுக்கு ஏற்ப ஒருவர் பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்யும் தொழில்நுட்பமும் பயன்பாட்டில் இருந்திருக்கிறது.

யாருக்காக நிதி திரட்டப்படுகிறது என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. காவல்துறை என்பது அரசின் ஓர் அங்கம். காவலர் சங்கம் என்பது அதில் பணியாற்றுவோரின் தொழிற்சங்கமோ நலச் சங்கமோ ஆகும். காவல்துறையின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை என்பது வேறொன்று. இவை மூன்றும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு அமைப்புகள் என்றாலும், தொலைபேசியில் கேட்பவரின் காதில் மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன. காவலர்களின் தொழிற்சங்கங்களுக்குத் தரப்படும் பணத்துக்கு அமெரிக்காவில் பொதுவாக வருமான வரிச் சலுகை கிடையாது. நன்கொடை அளித்தவர்களில் பலருக்கு அது பின்னர்தான் தெரிய வருகிறது. தங்கள் துறை தொலைபேசி மூலம் நன்கொடை கேட்பதில்லை என்று பல ஊர்களின் காவல்துறையினரே அவ்வப்போது பொதுமக்களை எச்சரித்து வருவதற்கும் இந்தக் குழப்பமே காரணம்.

நூறு டாலரில் பத்து டாலர்

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்குகள், திரட்டப்படும் பணத்துக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டுகின்றன. காவலர்கள், தீயணைப்புப் படையினர், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் பெயரால் நடக்கும் மோசடி வசூலைக் குறிவைத்து, 2009-ஆம் ஆண்டு அந்த ஆணையமும் 48 மாநிலங்களின் அதிகாரிகளும் கூட்டு நடவடிக்கை ஒன்றை அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு, 2010-இல், நியூ ஜெர்சியைச் சேர்ந்த சிவிக் டெவலப்மென்ட் குரூப் என்ற நிறுவனத்தின் மீதான வழக்கு முடிவுக்கு வந்தது. நன்கொடை முழுவதும் அறப்பணிக்கே போகிறது என்று அதன் சார்பில் அழைத்தவர்கள் கூறி வந்தனர். ஆனால் உண்மையில் அமைப்புகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து டாலர் மட்டுமே என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனத்துக்கும் அதன் உரிமையாளர்களுக்கும் 1 கோடியே 88 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டதுடன், நன்கொடை திரட்டும் தொழிலில் ஈடுபடவும் தடை விதிக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டே அதே நிறுவனத்தின் மீது ஒரு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2021-ஆம் ஆண்டு மார்ச்சில் முடக்கப்பட்ட மற்றொரு கூட்டு நிறுவனம், 6 கோடியே 70 லட்சம் பேருக்கு 130 கோடி அழைப்புகளை விடுத்து, 11 கோடி டாலருக்கும் மேல் திரட்டியிருந்ததாக ஆணையம் தெரிவித்தது. தீ விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவது என்பது அது கூறிய காரணங்களில் ஒன்று. ஒவ்வொரு டாலரிலும் 90 சென்ட் வரை வசூலித்தவர்களே எடுத்துக்கொண்டனர்.

அண்மைக் காலத்தில் இந்த வசூல் அரசியல் குழுக்களின் வடிவத்தையும் எடுத்துள்ளது. காவலர்கள், தீயணைப்புப் படையினர், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு ஆதரவானவை என்று கூறிக்கொண்ட ஐந்து குழுக்கள், 2014 முதல் 8 கோடியே 90 லட்சம் டாலர் திரட்டியதாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023-இல் செய்தி வெளியிட்டது. அதில் அரசியல் வேட்பாளர்களுக்கு உதவச் செலவிடப்பட்டது சுமார் ஒரு விழுக்காடு மட்டுமே. மிகப் பெரும்பகுதி மீண்டும் நிதி திரட்டும் வேலைக்கே திரும்பிச் சென்றது. அறக்கட்டளைகளுக்குரிய கண்காணிப்பு இத்தகைய அரசியல் குழுக்களுக்குப் பொருந்துவதில்லை.

சட்டம் ஏன் தடுக்கவில்லை?

வசூலிப்பவர் இவ்வளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு சட்டம் இயற்றினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அமெரிக்காவில் அந்த முயற்சி நடந்து தோற்றுவிட்டது. திரட்டும் பணத்தில் 75 விழுக்காடு அறப்பணிக்குச் செலவாக வேண்டும் என்று இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பர்க் என்ற ஊர் விதித்த நிபந்தனையை, 1980-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நன்கொடை கேட்பதும் ஒரு வகைக் கருத்து வெளிப்பாடே என்பதால் அரசியல் சட்டம் வழங்கும் பேச்சுரிமை அதற்கும் உண்டு என்று நீதிமன்றம் கருதியது.

கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்ததோடு, முன்பு திரட்டியதில் எத்தனை விழுக்காடு அறப்பணிக்குச் சென்றது என்பதைப் பணம் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும் என்றும் கட்டாயப்படுத்திய வட கரோலினா மாநிலச் சட்டமும் 1988-இல் இதே காரணத்தால் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஆகவே பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்வது மட்டுமே அங்கு குற்றமாகாது. ஆனால் அதை மறைத்துப் பொய் சொல்வது குற்றம். 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இந்த எல்லை தெளிவாக்கப்பட்டது. இல்லினாய் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்றுக்காகச் சுமார் 71 லட்சம் டாலர் திரட்டியவர்கள், அதில் 60 லட்சத்துக்கும் மேல் வைத்துக்கொண்டு, பெரும்பகுதி படைவீரர்களுக்கே போகிறது என்று கூறியதாகத் தொடரப்பட்ட மோசடி வழக்கு அது. அத்தகைய வழக்கைத் தொடர மாநில அரசுக்கு உரிமை உண்டு என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்துகொள்வதற்காக 2003-இல் தொடங்கப்பட்ட தேசியப் பட்டியலும் இங்கு முழுமையாக உதவுவதில்லை. அறக்கொடை கேட்கும் அழைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. எனினும், கூலிக்கு அழைக்கும் நிறுவனத்திடம், குறிப்பிட்ட அமைப்புக்காக இனி அழைக்க வேண்டாம் என்று ஒருவர் கூறிவிட்டால், அதற்கு அந்நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும்.

டொரன்டோ அனுபவம்

இத்தகைய எல்லா வசூலும் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையான காவலர் சங்கமே நேரடியாக நடத்தும்போதும் சிக்கல் எழும் என்பதற்கு, புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோ நகரமே சான்று. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நகரக் காவலர் சங்கம், 'ஆபரேஷன் ட்ரூ புளூ' என்ற பெயரில் பொதுமக்களிடம் தொலைபேசி வழியாக நிதி திரட்டத் தொடங்கியது. நன்கொடை அளித்தவர்களுக்குக் கார் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் தரப்பட்டன. சங்கத்தின் அரசியல் நடவடிக்கைகளுக்கே அந்த நிதி என்பதும் வெளிப்படையாகவே தெரிந்தது.

ஸ்டிக்கர் ஒட்டிய காரைச் சாலையில் நிறுத்தும் காவலர் ஒரு விதமாகவும், ஒட்டாத காரை நிறுத்தும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்ள மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று விமர்சகர்கள் கேட்டனர். கடும் எதிர்ப்பு எழுந்ததை அடுத்து, காவல்துறையை மேற்பார்வையிடும் வாரியம் தலையிட்டது. சில வாரங்களிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. எந்தக் காவலரும் யாரையும் மிரட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரம் உள்ளவர் கேட்கும்போது, கேட்பதே ஓர் அழுத்தமாகிவிடுகிறது என்பதை அந்தச் சர்ச்சை உணர்த்தியது.

மறுத்தால் உதவி வராதா?

நன்கொடை தர மறுத்தவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால், அந்த அழைப்பு மற்றவர்களின் அழைப்பைப் போலவே கையாளப்பட வேண்டும். நன்கொடை என்பது விருப்பத்தின்பேரில் தருவது. அவசர சேவை என்பது பொதுப்பணி.

எனினும் கட்டணம் என்பது வேறு விஷயம். 2010-ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புப் படையினர், நகர எல்லைக்கு வெளியே இருந்த ஒரு வீடு எரிவதை அணைக்காமல் நின்றனர். நகரத்துக்கு வரி செலுத்தாத அப்பகுதி மக்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்ட வேண்டும் என்பது விதி. அந்தக் குடும்பம் அதைக் கட்டியிருக்கவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்த இந்தச் சம்பவம் விதிவிலக்கானது என்றாலும், கிராமப்புறங்களில் வீடு வாங்குவோர் தங்கள் பகுதியின் தீயணைப்புச் சேவை வரியில் நடக்கிறதா, சந்தாவில் நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது என்பதை அது காட்டுகிறது.

அதேபோல் சில தன்னார்வ ஆம்புலன்ஸ் அமைப்புகள் ஆண்டுதோறும் வீடுகளுக்கு அனுப்பும் உறுப்பினர் கடிதமும் வெறும் நன்கொடைக் கோரிக்கை அல்ல. உறுப்பினரானவர்களுக்குப் பின்னர் வரும் கட்டணத்தில் சலுகை தருபவையும் அவற்றில் உண்டு. அவற்றைப் படிக்காமல் தூக்கி எறிவதும் இழப்பாகலாம்.

உண்மையான தேவை

பென்ஜமின் ஃபிராங்க்ளின் 1736-இல் ஃபிலடெல்ஃபியாவில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவை அமைத்த காலம் தொட்டு, அமெரிக்காவில் தீயணைப்பு என்பது பெருமளவில் அக்கம்பக்கத்தாரின் பணியாகவே இருந்து வருகிறது. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்நாட்டின் சுமார் 10 லட்சத்து 40 ஆயிரம் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். ஆனால் ஒரு தீயணைப்பு வண்டியின் விலையோ பல லட்சம் டாலர். சிறு ஊர்களில் அவர்கள் காலை உணவு விருந்து நடத்தியும், கோழி வறுத்து விற்றும், பிங்கோ ஆட்டம் நடத்தியும்தான் பற்றாக்குறையை ஈடுகட்டுகின்றனர். பிரிட்டனில் 1824-இல் தொடங்கப்பட்ட உயிர்காக்கும் படகுச் சேவையும், இங்கிலாந்தின் வான்வழி ஆம்புலன்ஸ் அமைப்புகளும் பெரிதும் நன்கொடையை நம்பியே இயங்குகின்றன.

ஆகவே பொய் அழைப்புகளால் இழப்பு அடைபவர் பணம் கொடுத்தவர் மட்டுமல்லர். ஒரு முறை ஏமாந்தவர், அடுத்த முறை உண்மையான தன்னார்வலர் வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறக்கத் தயங்குகிறார்.

என்ன செய்யலாம்?

அழைப்பவரிடம் சில கேள்விகளைக் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. அமைப்பின் முழுப்பெயர் என்ன? பேசுபவர் ஊதியம் பெறும் நிதி திரட்டுநரா? தரும் பணத்தில் எவ்வளவு அமைப்புக்குச் சேரும்? அது இந்த ஊரிலேயே செலவாகுமா? வரிச் சலுகை உண்டா? இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றாலோ, உடனே பணம் வேண்டும் என்று வற்புறுத்தினாலோ, தொலைபேசியை வைத்துவிடுவதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. நேர்மையான அமைப்பு விவரங்களை எழுத்தில் அனுப்பத் தயங்காது. பரிசு அட்டை மூலமோ, கம்பி வழிப் பணமாற்றம் மூலமோ பணம் கேட்டால் அது மோசடிக்கான அறிகுறி. தருவதாக ஒப்புக்கொண்ட தொகை என்று கூறி, நினைவில் இல்லாத ஒன்றுக்கு ரசீது வந்தால் அதைச் செலுத்த வேண்டிய கடமையும் இல்லை.

அமெரிக்காவில் வருமான வரித்துறையும், கனடாவில் வருவாய் முகமையும் பதிவு பெற்ற அறநிலையங்களின் பட்டியலை இணையத்தில் வெளியிட்டுள்ளன. அதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் சென்று, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, காசோலையை அந்த நிலையத்தின் பெயருக்கே எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும் நூறு டாலரில் நூறு டாலரும் அவர்களையே சென்றடையும்.