தம்போரா எரிமலை வெடிப்பும் ஒரு மொழியின் மறைவும்

எரிமலை வெடிப்புகளால் மனித சமூகங்களுக்கு நேரும் இழப்பை உயிர்ச்சேதம், பயிரழிவு, பஞ்சம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பதே பெருவழக்காக உள்ளது. இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் 1815இல் வெடித்த தம்போராவும் அவ்வாறே அறியப்படுகிறது. 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 'கோடையற்ற ஆண்டு' ஆனதற்கு அவ்வெடிப்பே முதன்மைக் காரணம் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அம்மலையடியில் வழங்கிய ஒரு மொழி வெடிப்போடு மறைந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஏப்ரல் 5ஆம் நாள் தொடங்கிய பெருவெடிப்பு 10ஆம் நாள் உச்சம் பெற்றது. 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்ததாக மதிப்பிடப்படும் மலை ஏறத்தாழ 2,850 மீட்டராகக் குறைந்தது. மலையைச் சூழ்ந்திருந்த மூன்று சிற்றரசுகளுள் தம்போரா, பெகாட் ஆகிய இரண்டும் முற்றாக அழிந்தன. மூன்றாவதான சங்காரின் அரசர் உயிர் பிழைத்தார். அக்காலத்தில் சாவகத்தை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், நிவாரண அரிசியுடன் ஓவன் பிலிப்ஸ் என்னும் படை அலுவலரை அனுப்பினார். சங்கார் அரசர் அவரிடம் கூறியதே நேரில் கண்டார் சான்றுகளுள் தலையாயது. அவ்வரசரின் மகளும் பசியால் இறந்தாள் என்று பிலிப்ஸ் குறித்துள்ளார். அரண்மனையையே எட்டிய பஞ்சம் குடிமக்களை என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அண்டை அரசான பீமாவின் மக்கள் இப்பேரழிவைச் 'சாம்பல் மழைக் காலம்' என நினைவுகூர்ந்தனர். மலாய் மொழியிலமைந்த 'சியாயிர் கெராஜாஆன் பீமா' என்னும் நெடும்பாடல், தம்போரா அரசன் ஹஜ் பயணி ஒருவரைக் கொன்றதால் நேர்ந்த இறைத்தண்டனையாக வெடிப்பை விளக்குகிறது. அயலார் தந்த இவ்விளக்கத்தைத் தம்போரா மக்களின் தற்புரிதலாகக் கொள்வது பிழை. தம்மீது சுமத்தப்பட்ட பழிக்கு மறுமொழி கூற அவர்கள் ஒரு சமூகமாக எஞ்சவில்லை.

2004இல் ஹரால்டுர் சிகுர்ட்சன் தலைமையிலான குழு, ஏறத்தாழ 3 மீட்டர் ஆழச் சாம்பல், நுரைக்கல் படிவுகளுக்கடியில் கரிந்த வீடொன்றையும், மனித எலும்புகளையும், வெண்கலக் கிண்ணங்களையும் கண்டெடுத்தது. அதன்பின் இவ்விடத்தைக் 'கிழக்கின் பொம்பேயி' என அழைப்பது வழக்காயிற்று. இவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். பொம்பேயி புதைந்தபோது இலத்தீன் மொழி புதையவில்லை. அந்நகரின் சுவரெழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. தம்போராவின் கிண்ணத்தை அதைக் கையாண்டவர் எப்பெயரால் அழைத்தார் என்பதைக் கிண்ணம் சொல்லாது.

அம்மொழியிலிருந்து எஞ்சியது ஏறத்தாழ 50 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலே. வெடிப்புக்குமுன் திரட்டப்பட்ட அது, ராஃபிள்ஸ் 1817இல் வெளியிட்ட 'ஜாவாவின் வரலாறு' நூலின் ஒப்பீட்டுச் சொல்தொகுதியில் இடம்பெற்றது. அச்சேறியபோது அம்மொழி பேசிய சமூகமே இல்லை. 2007இல் இப்பட்டியலை ஆராய்ந்த மார்க் டோனஹியூ, தம்போரா மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சார்ந்ததன்று, பப்புவ மொழிகளோடு வைத்து எண்ணத்தக்கது என்னும் முடிவுக்கு வந்தார். சான்றாக, மலாய் முதல் பசிபிக் தீவு மொழிகள் வரை ஐந்தைக் குறிக்கப் பரவலாக வழங்கும் 'லிமா' போன்ற வடிவம் தம்போரா எண்ணுப்பெயர்களில் இல்லை. இம்முடிவு சரியெனின், கிழக்கே தீமோர், அலோர் தீவுகளில் இன்று வழங்கும் பப்புவ மொழிகளுக்கும் மேற்கே, ஆஸ்திரோனேசிய மொழியினரின் பரவலுக்கு முந்தைய மொழியடுக்கு ஒன்று 19ஆம் நூற்றாண்டுவரை உயிர்த்திருந்தது எனக் கருதலாம்.

மொழிகள் பொதுவாகத் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, இடப்பெயர்களிலும் கடன்சொற்களிலும் தடம் பதித்தே மறைகின்றன. பேசுவோர் அனைவரும் ஒரே மலையடியில் குடியிருந்த மொழிக்கு அந்த அவகாசம் கிட்டவில்லை. எஞ்சிய பட்டியலிலும் எண்ணும் உறுப்பும் குறிக்கும் தனிச்சொற்கள் உள்ளனவேயன்றி முழுத்தொடர் ஒன்றும் இல்லை. எழுவாயும் செயப்படுபொருளும் வினையும் அம்மக்கள் பேச்சில் எவ்வரிசையில் நின்றன என்பதை அதிலிருந்து அறிய இயலாது.