மூட்டை கட்டிய ஐந்து தலைமுறை!

அறுபது வயசில் நம்மவர் ரிட்டயர் ஆகிறார். ரோஜா மாலை, சுவர்க் கடிகாரம், குரூப் போட்டோ. அறுபத்தொன்றில் பென்ஷன் பாக்கிக்காக அதே ஆபீஸ் படியேறுகிறார். அறுபத்திரண்டில் சர்க்கரை. அறுபத்தைந்தில் வாசலில் ஈஸிசேர் போட்டு, போகிறவர் வருகிறவரிடம் ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பிக்கிறார். ஜனங்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள்.

அமெரிக்காவில், மிஸ்ஸௌரி மாநிலத்தில், மான்ஸ்ஃபீல்ட் என்கிற சின்ன ஊரில் ஓர் அம்மாள் அதே 65 வயசில் ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பித்தார். யாரும் ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். இன்னும் படிக்கிறார்கள்!

பெயர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867-ல் விஸ்கான்சின் காட்டுப் பக்கம், ஒரு மரவீட்டில் பிறந்தவர். 1932-ல் முதல் புத்தகம், ‘லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் வுட்ஸ்’. 1943-க்குள் மொத்தம் எட்டு. ஒரு சின்னப் பெண், அப்பா, அம்மா, அக்கா, தங்கைகளோடு கூண்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறாள். வீடு கட்டுகிறார்கள், விதைக்கிறார்கள், ஏதாவது ஒன்று வந்து எல்லாவற்றையும் அழிக்கிறது, மறுபடி வண்டி. கதை அவ்வளவுதான் சார். 1974-லிருந்து 1983 வரை டி.வி. தொடராகவும் சக்கைப்போடு போட்டது.

இவ்வளவு ஓடுகிற சரக்கைப் பதிப்பாளர்கள் சும்மா விடுவார்களா? நம்ம ஊரில் படம் ஓடினால் ‘பார்ட் டூ’ எடுப்பார்கள். அங்கே முன்னேயும் போனார்கள், பின்னேயும் போனார்கள். 1993-ல் லாராவின் மகள் ரோஸின் சின்ன வயசுக் கதை. 1996-ல் லாராவின் அம்மா கரோலின் கதை. 1999-ல் பாட்டி ஷார்லட், கொள்ளுப்பாட்டி மார்த்தா, இருவரும் ஒரே வருஷத்தில்! எழுதியது வேறு வேறு ஆட்கள். மார்த்தா, ஷார்லட், கரோலின், லாரா, ரோஸ் என்று ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைப் பெண்கள் வரிசையாகப் புத்தக அலமாரியில் ஏறிவிட்டார்கள்.

கொள்ளுப்பாட்டி மார்த்தா, நாவலில், ஸ்காட்லாந்து மலைநாட்டில் பெரிய வீட்டுப் பெண். பிற்பாடு ஒரு கொல்லருக்கு வாழ்க்கைப்பட்டு அமெரிக்கா வருகிறாள். பாட்டி ஷார்லட் பாஸ்டன் பக்கம் வளர்கிறாள். இரண்டும் படிக்க சுகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஜாங்கிரி. இரண்டுக்கு மேல் திகட்டும்.

நிஜமான ஷார்லட்டுக்கு ஜாங்கிரி வாழ்க்கை அமையவில்லை. 1845-ல் புருஷன் போன கப்பல் மிச்சிகன் ஏரியில் மூழ்கியது. வீடு நிறையப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தியான கரோலினுக்கு ஆறு வயசுகூட நிரம்பவில்லை. அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி எப்படிச் சமாளித்தார் என்பதை ஜாங்கிரியில் பிழிய முடியாது.

அந்தக் கரோலின்தான் இந்த ஐந்து பேரில் என் கட்சி.

*

லாராவின் அப்பா சார்ல்ஸ் இங்கல்ஸ் நல்ல மனுஷன். உழைப்பாளி, பிடில் வாசிப்பார், பெண் குழந்தைகளைக் கொஞ்சுவார். ஒரே ஒரு வியாதி, ஓர் இடத்தில் காலூன்றி நிற்க முடியாது. நமக்கு ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் முகம் தொங்கிப் போகும். இவர் தனக்குத் தானே ஆர்டர் போட்டுக்கொள்கிற ஆசாமி. விஸ்கான்சினிலிருந்து கன்ஸாஸ். அங்கிருந்து திரும்ப விஸ்கான்சின். அப்புறம் மின்னஸோட்டா. அப்புறம் ஐயோவா. மறுபடி மின்னஸோட்டா. அப்புறம் டகோடா. டி.ஏ., டி.ஏ. பாக்கி எதுவும் கிடையாது!

ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்தது அப்பா. மூட்டை கட்டியது அம்மா.

அந்த அம்மாவிடம் ஒரு பீங்கான் பொம்மை உண்டு. ஆடு மேய்க்கும் பெண்ணின் பொம்மை. எத்தனை மைல் குலுங்கினாலும் உடையாமல் பொதிந்து எடுத்துப் போவார். புது இடத்தில் கூரை போட்டாச்சா, தரை போட்டாச்சா, அலமாரி வந்தாச்சா என்று பார்த்து, கடைசியில்தான் பொம்மையை வெளியே எடுத்து வைப்பார். பொம்மை ஏறினால் வீடு பாஸ்! ‘எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்து மனைவிகளுக்கு இல்லை. பொம்மை பேசிற்று.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பட்டா யார் பேரில் என்று பார்க்கிற புத்தி போகாது. 1862-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உங்களுக்கு. கல்யாணமாகாத பெண் கேட்கலாம், விதவை கேட்கலாம். புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் மட்டும் தன் பேரில் கேட்க முடியாது! ஐந்து வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து உழைக்கணும், பத்திரத்தில் ஐயா பேர் மட்டும் வரும்.

இதே அம்மாதான் கடைசியில் பிரேக் போட்டார். டகோடாவில் டி ஸ்மெட் என்ற ஊருக்கு வந்ததும் அப்பாவுக்கு ஆரெகன் ஆசை. இன்னும் மேற்கே! அம்மா முடியாது என்றுவிட்டார். பெண்கள் பள்ளிக்கூடம் போகணும். கல்யாணத்துக்கு முன் பதினாறு வயசிலேயே வாத்தியாரம்மா வேலை பார்த்தவர் அவர். அத்தோடு கூண்டு வண்டி நின்றது. 1924-ல் கண்ணை மூடும் வரை அம்மா அந்த ஊர்தான்.

நின்ற ஊரில் முதலில் வந்தது 1880-81 குளிர்காலம். பனிப்புயல் மேல் பனிப்புயல். ரயில் பாதை மூடிப்போய் மாதக்கணக்கில் ரயிலே இல்லை. கரி இல்லை, மாவு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. வைக்கோலைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டை போல் அடுப்பில் வைத்தார்கள். அது எரிகிற வேகத்துக்கு ஒருத்தர் முறுக்கிக்கொண்டே இருக்கணும். காப்பிக்கொட்டை அரைக்கிற குட்டி மிஷினில் கோதுமையைப் போட்டு, ஆள் மாற்றி ஆள் அரைத்தார்கள். அந்தக் கருப்பு ரொட்டிதான் காலையில், அதேதான் ராத்திரி. ‘தி லாங் விண்டர்’ என்று 1940-ல் லாரா இதை எழுதினார். எட்டில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மே மாத மதியத்தில், கரண்ட் இல்லாதபோது படித்தாலும் குளிரும்.

*

சரி, எழுதினதெல்லாம் நிஜமா? முக்கால்வாசி. மிச்சக் கால்வாசியில்தான் விஷயமே இருக்கிறது.

எட்டு நாவல்களுக்கும் முன்னால், 1930 வாக்கில், லாரா தன் கதையைப் பென்சிலால் நோட்டுகளில் அப்படியே எழுதியிருந்தார். ‘பயனியர் கேர்ள்’. எந்தப் பதிப்பாளரும் சீந்தவில்லை. அது அச்சானது 2014-ல்! போட்ட வேகத்தில் விற்றுத் தீர்ந்து, சின்னப் பதிப்பகம் திணறிப்போனது. அதைப் படித்தால் நாவலில் எதை எதை விட்டார் என்று தெரிகிறது.

லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஃப்ரெடி. 1875 நவம்பரில் பிறந்து, ஒன்பது மாதத்தில் செத்துப்போனான். எட்டு நாவல்களில் ஒன்றில்கூட அவன் இல்லை.

வெட்டுக்கிளிகள் மின்னஸோட்டா வயலை மொட்டையடித்த பிறகு குடும்பம் ஐயோவாவில் பர் ஓக் என்ற ஊருக்குப் போனது. நிலம் தேடிப் போகவில்லை. ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கப் போனார்கள். அம்மா சமையல். லாராவும் அக்கா மேரியும் தட்டு கழுவி, பரிமாறி... லாராவுக்கு அப்போது பத்து வயசுகூட ஆகவில்லை. கடன் ஏறியது. வீட்டுக்காரர் பொறுக்க மாட்டேன் என்றார். ஒரு ராத்திரி ஊர் தூங்கியதும் வண்டியைப் பூட்டி, குடும்பம் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது. இதுவும் நாவலில் இல்லை. சொந்தக்காலில் நிற்கும் குடும்பம் என்று கதை சொல்கிறவர், வாடகை பாக்கி வைத்து ஓடியதை எப்படிச் சேர்ப்பார்?

எனக்கென்னவோ, அந்த ராத்திரி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறின கரோலின், நாவலில் வருகிற அமைதியான ‘மா’வைவிடப் பெரிய மனுஷியாகத் தெரிகிறார். பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுபடி மூட்டை கட்டினவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

*

லாரா சாதாரணமில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையிடம், ‘கீழ்ப்படிவேன் என்று சர்ச்சில் சத்தியம் செய்ய மாட்டேன்’ என்று சொல்லிவிடுகிறாள் நாவலில். பெண் பார்க்கப் போகிற தம்பிகள் குறித்துக்கொள்ளவும். மாப்பிள்ளை அல்மான்ஸோ சரி என்றார், 1885-ல் கல்யாணம்.

அப்புறம் அடி மேல் அடி. இரண்டு பேருக்கும் டிப்தீரியா, அதில் அவருக்கு நடையே தடுமாறியது. ஆண் குழந்தை பிறந்து சில நாளில் இறந்தது. வீடு எரிந்தது. வறட்சி. டி ஸ்மெட்டில் நாளுக்கு ஒரு டாலர் கூலிக்குத் துணி தைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு 100 டாலர் நோட்டு. 1894-ல் அதை எழுதுபெட்டிக்குள் ஒளித்து, ஏழு வயசு ரோஸோடு சுமார் 650 மைல் வண்டியில் மிஸ்ஸௌரி வந்தார்கள். பண்ணை விலை பேசி, பணம் கொடுக்கப் பெட்டியைத் திறந்தால்... நோட்டைக் காணோம்! சில நாள் கழித்துப் பெட்டியின் ஓர் இடுக்கில் கிடைத்தது. அந்தச் சில நாள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதை மாசக் கடைசியில் பர்ஸைத் தொலைத்தவர்கள் அறிவார்கள்.

எழுத்தாளராகும் முன் இந்த அம்மாள் விவசாயக் கடன் சங்கத்தில் செயலாளர்-பொருளாளர். பத்து லட்சம் டாலரைத் தொடும் கடன்கள் அவர் கையால் பட்டுவாடா ஆயின. ஊருக்கே கடன் கணக்குப் பார்த்தவர், தன் சேமிப்பை மகள் பேச்சைக் கேட்டு ஷேரில் போட்டார். 1929-ல் மார்க்கெட் விழுந்து போயே போச்சு! ‘லிட்டில் ஹவுஸ்’ பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பணம் வேண்டியிருந்தது.

மகள் ரோஸ் அப்போது பிரபல எழுத்தாளர். அம்மாவின் கையெழுத்துப் பிரதியை டைப் அடித்து, வெட்டி ஒட்டி, பதிப்பாளரிடம் சேர்த்தவர் அவர்தான். எவ்வளவு அம்மா, எவ்வளவு மகள் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இதற்கு நடுவில் ரோஸ் அம்மாவிடம் சொல்லாமலே அதே குடும்பக் கதையை எடுத்து, சார்ல்ஸ், கரோலின் என்று பேர்கூட மாற்றாமல், ஒரு நாவல் எழுதிப் பெரிய பத்திரிகையில் போட்டுவிட்டார். அம்மாவுக்கு வந்தது கோபம். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். ஒரே சரக்கு. வேறென்ன நடக்கும்?

ரோஸுக்கு வாரிசு இல்லை. 78 வயசில், 1965-ல், பத்திரிகைக்காக வியட்நாம் போய் வந்த ஆசாமி அவர், 1968-ல் காலமானார். சொத்து, பேரன் மாதிரி பழகின ரோஜர் மெக்பிரைட் என்ற வக்கீலுக்குப் போனது. ரோஸின் சிறு வயசு நாவல்களை எழுதினவரும் இவரே. ஆனால் லாராவின் உயிலில், மகளுக்குப் பிறகு புத்தக உரிமை மான்ஸ்ஃபீல்ட் நூலகத்துக்கு என்று இருந்தது! மெக்பிரைட் 1995-ல் இறந்தார். 1999-ல் நூலகம் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 8,75,000 டாலருக்கு சமரசமானது. ஐந்து தலைமுறைப் பெண்கள் கூண்டு வண்டியில் கண்ணால்கூடப் பார்க்காத தொகை.

*

பட்டா பார்க்கிற புத்தி என்றேன். அதே புத்தி கன்ஸாஸ் வீட்டையும் பார்க்கச் சொல்கிறது. அந்த நிலம் ஓஸேஜ் பழங்குடிகளுடையது. 1869-ல் சார்ல்ஸ் அங்கே வீடு கட்டியது, நம்ம பாஷையில் சொன்னால், ஆக்கிரமிப்பு. ஓஸேஜ் ஜனங்கள்தான் கிளம்ப வேண்டி வந்தது. 1935-ல் வந்த நாவலின் முதல் பதிப்பு, அங்கே ‘மனிதர்களே’ இல்லை, இந்தியர்கள் மட்டும்தான் என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டது. வாசகர் ஒருவர் தட்டிக் கேட்க, 1953-ல் ‘மனிதர்கள்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு ‘குடியேறிகள்’ என்று மாற்றினார்கள். லாராவின் பேரில் இருந்த சிறுவர் இலக்கியப் பரிசுக்கு 2018-ல் பேரையே மாற்றினார்கள்.

இதற்காக லாராவைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லவில்லை. கூடவே இன்னும் இரண்டு பேரைப் படிக்கணும். ஒன்று, ஸாரா மில்லர் 2017-ல் எழுதிய ‘கரோலின்’. அதே கன்ஸாஸ் பயணம், ஆனால் அம்மாவின் கண்ணால். வயிற்றில் பிள்ளையோடு கூண்டு வண்டியில் குலுங்கிப் போகிறவளுக்கு மனசில் என்ன ஓடும், அவள் பயத்தில் எவ்வளவு வெறுப்பு கலந்திருக்கிறது, எல்லாம் அதில் வருகிறது.

இன்னொன்று, லூயிஸ் எர்ட்ரிக். ஒஜிப்வே வம்சத்தில் வந்தவர். 1999-ல் ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ என்று ஆரம்பித்து, அவரும் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோகிறார். 1847. சுப்பீரியர் ஏரியில் ஒரு தீவு. ஒமாகயாஸ் என்ற ஏழு வயசுப் பெண். மருந்து மூலிகை தெரிந்த பாட்டி. யாருக்கும் அடங்காத ஓல்ட் டாலோ என்ற கிழவி, நாய்களோடு தனியாக வாழ்கிறவள். அம்மை வந்து வீட்டையே புரட்டிப்போடுகிறது. லாரா காட்டுகிற அதே வேலைகள்தான் இங்கேயும். தோல் பதனிடுவது, சர்க்கரைப்பாகு காய்ச்சுவது, குளிருக்குச் சேர்த்து வைப்பது.

இரண்டாம் புத்தகம் ‘தி கேம் ஆஃப் சைலன்ஸ்’. அதில் இந்தக் குடும்பமும் மூட்டை கட்டுகிறது. ஆரெகன் ஆசை பிடித்த அப்பா யாரும் இங்கே இல்லை. சர்க்காரிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது, இடத்தைக் காலி பண்ணு என்று. மேற்கே தள்ளப்பட்டு, படகில் ஏறுகிறார்கள். அவர்கள் காலி பண்ணின மாதிரி இடங்களுக்குத்தான் கொஞ்ச வருஷம் கழித்துக் கூண்டு வண்டிகள் வரும், பீங்கான் பொம்மையைப் பத்திரமாகப் பொதிந்து எடுத்துக்கொண்டு.