தனிமொழியில் இரண்டாவது ஆள்

நாடகப் பட்டறைகளில் 'அஞ்சு நிமிஷம் தனியா ஏதாவது நடிச்சுக் காட்டுங்க' என்றதும் நம் நடிகர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் 1952க்கு, 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சிக்கு. இல்லையென்றால் பாண்டியன் அவையில் நிற்கும் கண்ணகிக்கு. அந்த வசனங்களின் அரசியலைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவை நம் உடலில் ஒரு பேச்சுமுறையைப் பதித்துவிட்டன. எதிரில் ஒரு சபை. அது கேட்டே தீரும். பேசுபவர் தலைநிமிர்ந்தே நிற்பார். கேட்க ஆளில்லாதவர், சொன்னாலும் நம்பப்படாதவர், வாய் திறக்கப் பயப்படுகிறவர் ஆகியோருக்கு இந்தக் குரல் பொருந்துவதில்லை. நாம் யார் சார்பில் நிற்பதாகச் சொல்லிக்கொள்கிறோமோ, அவர்களில் பலர் இவர்கள்தான்.

தனிமொழி என்பது ஓர் ஆள் தனியாகப் பேசுவது என்று எண்ணிவிடுகிறோம். மேடையில் நிற்பது ஒருவர். பிரதிக்குள் இன்னொருவர் உண்டு. அவர் யார், ஏன் பதில் பேசுவதில்லை? இந்தக் கேள்வியோடு வாசிக்கவும் நடிக்கவும் மூன்று சிறு பிரதிகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, செகாவின் 'புகையிலையின் தீமைகள்'. 1886இல் எழுதி, பலமுறை திருத்தி, 1902இல் இறுதி வடிவம் கொடுத்தார். மனைவியின் உத்தரவுப்படி சொற்பொழிவாற்ற வந்திருக்கும் நியூகின், தானே புகைபிடிப்பவர். பேச்சு தலைப்பை விட்டு நழுவி, முப்பது வருட அடிமைவாழ்வுக்குள் போய்விடுகிறது. கல்யாணத்தன்று போட்ட பழைய கோட்டைக் கழற்றி மிதிக்கிறார். மனைவி பக்கத்திரையருகே வந்து நின்றதும் மறுபடி புகையிலைக்குத் திரும்பிவிடுகிறார். நகைச்சுவையாக மட்டும் நடித்தால் கைதட்டல் கிடைக்கும், பிரதி கைவிட்டுப் போகும். கேட்கக்கூடாத ஆள் எந்த நொடியிலும் வந்துவிடலாம் என்கிற பயம் முதல் வரியிலிருந்தே முதுகில் தெரிய வேண்டும்.

இரண்டாவது, பிரெக்ட்டின் 'யூத மனைவி'. 'மூன்றாம் ரைஹ்கின் அச்சமும் அவலமும்' நாடகத்தின் ஒரு காட்சி. 1938இல் பாரிஸில் ஹெலன வைகல் நடித்தது. இடம் ஃபிராங்ஃபர்ட், ஆண்டு 1935. கணவன் மருத்துவன். அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று மனைவி ஊரைவிட்டுப் புறப்படுகிறாள். நண்பர்களுக்குத் தொலைபேசியில் சும்மா கொஞ்சநாள் வெளியூர் போவதுபோலச் சொல்கிறாள். எண்கள் எழுதிய குறிப்பேட்டை எரிக்கிறாள். பிறகு காலி நாற்காலியைக் கணவனாக வைத்து, அவனிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள். ஒருமுறை சமாதானமாக, இன்னொருமுறை கோபமாக. அவன் உள்ளே வந்ததும் பேச்சு சுருங்கிவிடுகிறது. சில வாரங்கள்தானே என்கிறான் அவன், குளிர்காலத்துக்கு மட்டுமே வேண்டியிருக்கும் கம்பளிரோமக் கோட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. பாசிசம் அந்த வீட்டுக்குள் சீருடையில் வருவதில்லை, ஒரு நல்ல மனிதனின் சமாளிப்பாக வருகிறது. தனியாக நடிப்பவர் கதவு திறக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறார் என்பதை நடிகை தீர்மானிக்க வேண்டும். அந்த மௌனங்களில்தான் நாடகம் இருக்கிறது.

மூன்றாவது, ஃபிராங்கா ராமே 1975இல் எழுதிய 'வன்புணர்ச்சி'. 1973 மார்ச்சில் மிலானில் அவரைப் பாசிஸ்டுகள் கடத்திச் சென்று வதைத்தார்கள். மேடையில் நெடுங்காலம் அதை வேறொரு பெண்ணின் சாட்சியமாகவே அறிமுகப்படுத்தினார். நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் நகரும் பிரதி. கடைசியில் அவள் காவல்நிலையத்துக்கு எதிரே நின்று, உள்ளே கேட்கப்போகும் கேள்விகளை யோசித்து, வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். புகாரை நாளைக்குத் தள்ளிப்போடுகிறாள். இங்கே இரண்டாவது ஆள் அந்தக் காவல்நிலையம். அழுது காட்டினால் பிரதி செத்துவிடும். ஒரு நாற்காலி, தணிந்த குரல் போதும்.

மொழிபெயர்ப்பு மேடைத்தமிழில் இருந்தால் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். உங்கள் அம்மாவும் அக்காவும் பேசுகிற தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒத்திகைக்கு முன் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யாரிடம் பேசுகிறேன்? யார் காதில் விழக்கூடாது? பதில் வந்தால் நான் தொடர்ந்து பேசுவேனா? இந்த மூன்றும் பழகிவிட்டால், தாலுகா அலுவலக வரிசையில் மனுவோடு நிற்கும் ஒருத்திக்கு நாமே ஒரு தனிமொழி எழுதிவிடலாம். அவள் கர்ஜிக்கமாட்டாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பை நடிக்க நம்மிடம் இன்னும் ஆள் குறைவு.