கசியும் எண்ணெயும் கெடும் கிணறும்



டீசல் பீப்பாயைப் பார்க்காதவர் நம் பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் இருக்கமாட்டார்கள். லோரிக்கும் டிராக்டருக்கும் டீசல் வேண்டும். பீப்பாயின் அடி துருப்பிடித்து ஒழுகினால், 'சொட்டுத்தானே' என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சொட்டு எங்கே போகிறது?

மண்ணில் விழுந்த எண்ணெய் கண்ணுக்கு மறைகிறது, ஆனால் அழிவதில்லை. மழை பெய்யப் பெய்ய மெல்லக் கீழிறங்கி நிலத்தடி நீரை எட்டுகிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது. ஆகவே படலமாக மிதக்கும். அந்தப் படலத்தை வழித்தெடுத்துவிடலாம். ஆனால் எண்ணெயிலுள்ள பென்சீன் போன்ற பொருள்கள் நீரில் கரைந்துவிடுகின்றன. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; எண்ணெய் போய்விடும் என்று நம்பக்கூடாது.

இலங்கையில், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள நிலம் சுண்ணாம்புக் கல் நிலம். மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்பவர்கள். அங்கிருந்த அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. சொந்தக் கிணறு வாசலில் இருந்தும், குடிநீரை வெளியிலிருந்து பெற வேண்டிய நிலை வந்தது. 2015-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்பது அதன் நீதி. ஆனால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது 40,000 ரூபாய்க்கு மேற்படாது. தீர்ப்பு வரும்வரை கழிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

நம் நாட்டிலும் 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தது. நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல இலட்சம் வீடுகளில் குழாய் நின்றது.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைத் தொட்டியில் சேமிப்பார்கள். தொட்டி ஒழுகினால், எண்ணெய் ஊறிய மண்ணையே தோண்டி அகற்றுவார்கள். பல வேளைகளில் அந்தப் பெருஞ்செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. ஓட்டையை அடைக்கும் செலவு அதன் முன் மிகச் சிறியது.

ஆகவே, வெள்ளம் வருமுன் அணை போடுவோம். பீப்பாயை வெறும் மண்ணில் வைக்காமல் சிமெண்டுத் தரையில், கூரையின்கீழ் வையுங்கள். ஒழுகினாலும் வெளியே ஓடாதபடி சுற்றிலும் சிறு வரப்புக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். மணலோ மரத்தூளோ போட்டு அள்ளித் தனியே மூடி வையுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். மோட்டார் சைக்கிளில் மாற்றிய பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையிலேயே ஒப்படையுங்கள். கிணற்று நீரில் எண்ணெய் வாடை அடித்தால் குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்தி, தோட்ட அலுவலகத்திற்கும் சுகாதார இலாகாவிற்கும் தெரிவியுங்கள்.

பீப்பாய் நிர்வாகத்துடையதாக இருக்கலாம். தண்ணீர் குடிப்பவர்கள் நம் பிள்ளைகள். ஒழுகுவதைக் கண்டவர் அன்றே சொல்லவேண்டும்.